டிஸ்க் ஃபுல்... அழிப்பதற்கு முன் அப்பாவிடம் கேட்ட கேள்வி!

‘ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது’ என்று போன் எச்சரிக்கும்போது நாம் என்ன செய்வோம்? கேலரியைத் திறப்போம். குட்மார்னிங் ரோஜாக்கள், யாரோ அனுப்பிய சமையல் வீடியோ, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக்... கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்போம். ‘அப்பாடா, 4 ஜி.பி கிடைத்துவிட்டது’ என்று நிம்மதியாகத் தூங்குவோம். ஒரு மாதம் கழித்து ஃப்ரிட்ஜ் ரிப்பேராகும். கடைக்காரர் பில் கேட்பார். அந்த பில்லைத்தான் போட்டோ எடுத்து வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். அது குட்மார்னிங் ரோஜாக்களோடு சேர்ந்து போயிருக்கும்.

போனில் நடந்தால் நஷ்டம் நமக்கு மட்டும். ஒரு மருத்துவமனையில் நடந்தால்?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஐ.டி பிரிவில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண்ணுக்கு, அழிப்பதா வேண்டாமா என்ற கேள்வி ஒரு வாரத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஐந்து வருடங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தார். அவர் உட்காரும் இடத்துக்குப் பெயர் ‘ஹெல்ப் டெஸ்க்’.

பெயர்தான் பெரிது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு மானிட்டர், ஓயாமல் அடிக்கும் ஒரு இன்டர்காம். ‘பிரின்டர் வரலை’, ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு’, ‘லேப் ரிப்போர்ட் ஸ்கிரீன்ல வரலை’, ‘யூபிஎஸ் சத்தம் போடுது’ என்று மருத்துவமனையின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் புகார்கள் அந்த மேஜைக்குத்தான் வந்து சேரும்.

டிக்கெட் என்றால் என்ன?

முன்பெல்லாம் இந்தப் புகார்களை ஒரு நோட்டில் எழுதுவார்கள். இப்போது அதற்கு மென்பொருள் இருக்கிறது. வார்டிலிருந்து ஒரு மெயில் வந்தால் போதும். மென்பொருளே அதற்கு ஒரு எண் கொடுத்து, வரிசையில் நிறுத்தி, ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்று பதிலும் அனுப்பிவிடும். அந்த எண்ணுள்ள புகாருக்குத்தான் ‘டிக்கெட்’ என்று பெயர். இந்த வகை மென்பொருள்கள் புதியவை அல்ல. ஜெஸ்ஸி வின்சென்ட் என்பவர் ‘ரிக்வெஸ்ட் டிராக்கர்’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கியது 1996-ல். அதன்பிறகு ஓ.டி.ஆர்.எஸ், ஓ.எஸ்.டிக்கெட், ஸாமாட் என்று எத்தனையோ வந்துவிட்டன. பேங்க், மொபைல் கம்பெனி, ஆன்லைன் கடை என நீங்கள் எங்கே புகார் செய்தாலும் ஒரு எண் எஸ்.எம்.எஸ்ஸில் வருகிறதே, அதுவும் இதே குடும்பம்தான்.

ஒவ்வொரு டிக்கெட்டும் எங்கோ ஒரு டிஸ்கில் போய் உட்காருகிறது. புகார் தீர்ந்தாலும் டிக்கெட் எழுந்து போவதில்லை. உட்கார்ந்தே இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, அந்த மருத்துவமனையில் புதிதாக ஒரு டிக்கெட்கூட வரவில்லை. திங்கட்கிழமையில் அப்படி நடக்கவே நடக்காது. பத்து மணிக்குள் இன்டர்காமில் ஒன்பது பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ‘மெயில் போட்டு ஒரு மணி நேரமாச்சு, பதில் நம்பரே வரலையே?’

சர்வரைத் திறந்து பார்த்தார். டிஸ்க் 100 சதவிகிதம். புதிய புகாரை எழுத இடமில்லை. வந்த மெயில்கள் எல்லாம் மெயில் பெட்டியிலேயே காத்துக்கிடந்தன. நல்லவேளை, எதுவும் தொலையவில்லை.

500 ஜி.பி எங்கே போனது?

லினக்ஸ் சர்வரில் இடப் பிரச்னை வந்தால் முதலில் இரண்டு கட்டளைகள். ‘டி.எஃப்’ என்று அடித்தால் டிஸ்கில் மொத்தம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று காட்டும். ‘டி.யூ’ என்று அடித்தால் எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்றிருக்கிறது என்று காட்டும். முன்னது பேங்க் பாஸ்புக்கில் இருப்பைப் பார்ப்பதுபோல. பின்னது, காசு எதில் செலவானது என்று மளிகைக்கடை நோட்டைப் புரட்டுவதுபோல.

நோட்டைப் புரட்டினார். கணக்கு இப்படி இருந்தது. டிக்கெட்டுகள் இருக்கும் டேட்டாபேஸ் 150 ஜி.பி. அதன் பேக்கப் காப்பிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 140 ஜி.பி. லாக் எனப்படும் அன்றாட நடவடிக்கைப் பதிவுகள் 30 ஜி.பி. இயங்குதளமும் மற்றவையும் 15 ஜி.பி. கூட்டினால் 475. டிஸ்க்கோ 500. மீதி 25 எங்கே? லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ‘ஈ.எக்ஸ்.டி 4’ என்ற கோப்பு முறை, வழக்கமாக 5 சதவிகித இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். அவசரத்துக்கு அம்மா அரிசிப் பானையில் போட்டு வைக்கும் பணம் மாதிரி. மற்றவர்களுக்கு அந்தக் காசு கண்ணில் காட்டப்படாது.

அந்தக் கணக்கில் அவருக்கு முதலில் உறுத்தியது பேக்கப்தான். டிஸ்க் கெட்டுப்போனால் காப்பாற்றத்தானே பேக்கப்? அதையும் அதே டிஸ்கில் வைத்தால்? வீட்டைப் பூட்டிவிட்டு, மாற்றுச் சாவியையும் உள்ளேயே வைத்த கதை. எப்போதோ, யாரோ, ‘இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும்’ என்று செய்த ஏற்பாடு. ‘இப்போதைக்கு’ என்று செய்தவைதான் அலுவலகங்களில் அதிக ஆயுளோடு இருக்கின்றன.

இரண்டு காப்பிகளையும் வேறொரு கட்டடத்தில் இருந்த சேமிப்பகத்துக்கு மாற்றினார். ‘மாற்றினார்’ என்றால், முதலில் நகல் எடுத்து, நகல் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டு, அதன்பிறகே மூலத்தை அழித்தார். மாலைக்குள் 280 ஜி.பி இடம் கிடைத்தது. காத்துக்கிடந்த மெயில்கள் எல்லாம் ஒவ்வொன்றாக டிக்கெட் ஆயின.

அன்றைய பிரச்னை தீர்ந்தது. ஆனால், நோய் தீரவில்லை. டேட்டாபேஸ் மாதாமாதம் ஊதிக்கொண்டே போகிறது. நள்ளிரவில் தொடங்கும் பேக்கப் காலை ஷிஃப்ட் வந்த பிறகும் முடிவதில்லை. பேக்கப் போய்ச் சேர்ந்த சேமிப்பகத்திலும் இடம் குறைவு. புது டிஸ்க் வாங்கலாம்தான். பர்சேஸ் கமிட்டி ஒப்புதல் வர இன்னும் இரண்டு மாதங்கள் ஆகும்.

மேலாளர் ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார். “ரெண்டு வருஷத்துக்கு முந்தின டிக்கெட் எல்லாத்தையும் தூக்கிடும்மா. எல்லாம் குளோஸ் ஆனதுதானே? யாரு பாக்கப் போறா?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் பெரும்பாலான மேலாளர்கள் சொல்வதுதான். ஆனாலும், அந்தப் பெண்ணுக்கு மனசு ஒப்பவில்லை. “ஒரு வாரம் டைம் குடுங்க சார். எது எடத்தைப் பிடிக்குதுன்னு பார்த்துட்டு அழிக்கிறேன்” என்றார்.

எழுத்து இளைத்தவன், படம் பருத்தவன்

இடத்தைப் பிடிப்பது யார் என்று பார்த்தபோது அவருக்கே ஆச்சர்யம். புகார்களின் எழுத்துகள் குற்றவாளியே அல்ல.

கம்ப்யூட்டரில் இன்று பரவலாக இருக்கும் ‘யூ.டி.எஃப் 8’ முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 2,000 குறிகளில் தமிழில் நீளமாக ஒரு புகார் எழுதினாலும் 6,000 பைட்தான். லட்சம் புகார்களைச் சேர்த்தாலும் 600 எம்.பி. ஒரு சினிமாப் படத்தின் அளவுகூட வராது!

அப்படியானால் 150 ஜி.பி எப்படி? எல்லாம் போட்டோ. ‘பிரின்டரில் பேப்பர் சிக்கிவிட்டது’ என்று எழுதினால் போதும். ஆனால், கையில் போன் இருக்கிறதே! முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பேப்பரை மட்டும் குளோஸ் அப்பில் ஒன்று. ஒரு போட்டோ 4 எம்.பி என்றால், 650-க்கும் மேற்பட்ட தமிழ்ப் புகார்களின் இடத்தை அது ஒன்றே அடைத்துவிடுகிறது.

அதோடு முடியவில்லை. மெயிலில் போட்டோ போகும்போது அது ‘பேஸ் 64’ என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. அதில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட் ஆகிவிடும். 4 எம்.பி போட்டோ 5.3 எம்.பி-யாக வீங்கிவிடும். சில டிக்கெட் மென்பொருள்கள், வந்த மெயிலை வந்தபடியே ஒரு காப்பி வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் படத்தைத் தனியே பிரித்து இன்னொரு காப்பியும் வைத்துக்கொள்கின்றன. ஆக, சிக்கிய பேப்பரின் ஒரே ஒரு படம் 9 எம்.பி-க்கு மேல் இடம் பிடிக்கிறது.

அடுத்த குற்றவாளி லோகோ. மருத்துவமனை மெயில் ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்தோடு வண்ண லோகோ ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலும் லோகோ கூடவே வரும். அதற்கு ‘நன்றி’ என்று பதில் போட்டால் இன்னொரு லோகோ. பன்னிரண்டு முறை பேசிக்கொண்ட டிக்கெட்டில் பன்னிரண்டு லோகோக்கள். பேச்சு ஒரு பக்கம், முத்திரை பன்னிரண்டு பக்கம்!

சரி, அழித்துவிட்டால் இடம் கிடைக்குமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில மென்பொருள்களில் ‘டிலீட்’ என்றால் ‘அழிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்துவது மட்டும்தான். ரிக்வெஸ்ட் டிராக்கரில் அப்படித்தான். உண்மையிலேயே அழிக்க ‘ஷ்ரெடர்’ என்று தனிக் கருவியே இருக்கிறது.

டேட்டாபேஸிலிருந்து உண்மையாகவே நீக்கினாலும்கூட டிஸ்கில் இடம் கூடாது. மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்களில், நீக்கிய வரிகள் இருந்த இடம் அந்தக் கோப்புக்குள்ளேயே காலியாக இருக்கும். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்துபோனால் மண்டபம் சிறியதாகிவிடுமா? இலை போட்ட இடம் அடுத்த பந்திக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான். மண்டபத்தையே சுருக்க வேண்டுமென்றால் ‘ஆப்டிமைஸ்’ என்ற கட்டளை கொடுக்க வேண்டும். அது இருக்கும் தகவல்களைப் புதிதாக ஒரு கோப்பில் அடுக்கிவிட்டு, பழையதை அழிக்கும். அப்படி அடுக்குவதற்கும் கூடுதல் இடம் வேண்டும். ஆக, டிஸ்க் முழுதும் நிறைந்த பிறகு இதைச் செய்யவும் முடியாது. வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால்கூட, சாமான்களை எடுத்து வைக்க ஒரு திண்ணையாவது காலியாக இருக்க வேண்டுமே!

அப்பாவின் பதிவறை

அன்றிரவு திருமங்கலத்தில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, மகள் அப்பாவிடம் கேட்டார். “ஏம்ப்பா, ஒங்க ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம் நெறஞ்சா என்ன பண்ணுவீங்க?”

அப்பா தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்கள் பதிவறையைப் பார்த்துக்கொண்டவர். கேள்வியைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு அந்த அறையைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“நெறஞ்ச பெறகு என்ன பண்றதுன்னு கேக்கக் கூடாது பாப்பா. ஃபைலை முடிக்கும்போதே அது எத்தனை வருஷம் இருக்கணும்னு எழுதிரணும்.”

அரசு அலுவலகக் கடிதங்களில் ‘ந.க. எண்’ என்று பார்த்திருப்பீர்கள். நடப்புக் கணக்கு. கோப்பு நடப்பில் இருக்கும்வரை அந்த எண். வேலை முடிந்ததும் கோப்புக்கு ஒரு ‘முடிவு’ போடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. என்றால் மூன்றாண்டு. ப.மு. என்றால் பத்தாண்டு. நிரந்தரமாக வைக்க வேண்டியவற்றுக்குத் தனி வகை. அதை ‘ஆர்.டிஸ்’ என்று ஆங்கிலக் குறியீட்டிலேயே சொல்லிப் பழகியவர்கள் அப்பா தலைமுறைக்காரர்கள்.

“முடிவு போடாம எந்த ஃபைலும் என் ரூமுக்குள்ள வரக் கூடாது. வகைவாரியா, வருஷவாரியா கட்டி வெச்சிருப்பேன். வருஷம் முடிஞ்ச கட்டுகளுக்குப் பட்டியல் போட்டு, அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கி, அதுக்கப்புறம்தான் அழிப்போம். எடம் இல்லைன்னு அழிக்கிறது இல்லை பாப்பா, காலம் முடிஞ்சதுன்னு அழிக்கிறது.”

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மருத்துவமனையில் அத்தனை டிக்கெட்டுகளையும் ‘குளோஸ்’ என்ற ஒரே வார்த்தையில் மூடி வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு மாற்றியதும் ‘குளோஸ்’. ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டர் அணைந்துபோனதும் ‘குளோஸ்’. எது ஓ.மு., எது மூ.மு. என்று யாரும் எழுதவில்லை. அதனால்தான் இடம் தீர்ந்ததும் மேலாளருக்குத் தேதியைத் தவிர வேறு அளவுகோல் கிடைக்கவில்லை.

“இன்னொண்ணு கேளு” என்றார் அப்பா. “எல்லாத்தையும் வெச்சிருக்கிறவன் ஒண்ணையும் வெச்சில்லாதவன் மாதிரிதான். தேடி எடுக்க முடியலைன்னா அது ரெக்கார்டு இல்லை, கரையானுக்குத் தீனி.”

வைத்திருப்பதும் பொறுப்பு... அழிப்பதும் பொறுப்பு

அடுத்த நாளிலிருந்து அவர் டிக்கெட்டுகளை வகை பிரிக்க ஆரம்பித்தார். பாஸ்வேர்டு, பிரின்டர், மவுஸ் போன்றவை ஓராண்டு. நெட்வொர்க், மென்பொருள் கோளாறுகள் மூன்றாண்டு. கருவி தொடர்பான புகார் எதுவானாலும், அந்தக் கருவி ‘கண்டம்’ செய்யப்படும்வரை. நோயாளியின் பாதுகாப்பைத் தொட்ட எதுவும் நிரந்தரம்.

சட்டமும் குறுக்கே வந்தது. லாக் கோப்புகள்தானே என்று 30 ஜி.பி-யையும் தூக்கிப் போட முடியாது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும். எனவே அதற்கு முந்தையவற்றை மட்டும் நீக்கிவிட்டு, மீதியைச் சுருக்கி வைத்தார். லாக் என்பது ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும் எழுத்து என்பதால் நன்றாகவே சுருங்கும். போட்டோக்கள் அப்படிச் சுருங்காது. அவை கேமராவிலிருந்து வரும்போதே சுருங்கித்தான் வருகின்றன. 150 ஜி.பி டேட்டாபேஸின் பேக்கப் 140 ஜி.பி-யாக இருந்ததன் ரகசியமும் அதுதான்.

இன்னொரு பக்கம், அழித்தே தீர வேண்டியவையும் கண்ணில் பட்டன. ‘இந்த ஸ்கிரீனில் எரர் வருகிறது’ என்று வார்டிலிருந்து அனுப்பிய படங்களில் நோயாளியின் பெயர், வயது, நோயின் பெயர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒரு டிக்கெட்டில் யாருடைய ஆதார் கார்டோ இருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகு, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, தனிநபர் விவரங்களை அழித்துவிட வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். நம் வீட்டுப் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் ஏதோ ஒரு பிரின்டர் புகாரோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

வைத்திருப்பதில் எவ்வளவு பொறுப்போ, அழிப்பதிலும் அவ்வளவு பொறுப்பு என்று அவருக்குப் புரிந்தது. இந்தச் சமயத்தில்தான் அந்த மெமோ விவகாரம் வந்தது.

26 மாதங்களுக்கு முந்தைய ஒரு போட்டோ

வியாழக்கிழமை மதியம். டயாலிசிஸ் பிரிவில் கரன்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டிய யூபிஎஸ், கை கொடுக்கவில்லை. மெஷின்கள் அலறின. டயாலிசிஸ் மெஷினின் ரத்த பம்பைக் கையால் சுற்றுவதற்கென்றே ஒரு கைப்பிடி உண்டு. ஒரு மெஷினில் பம்ப் நின்றதும், பொறுப்பு சிஸ்டர் ஓடிவந்து அதைச் சுற்றினார். கரன்ட் வந்துவிட்டது. நோயாளிகள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மறுநாள் காலை சிஸ்டர் கையில் மெமோ. ‘யூபிஎஸ் பழுதடைந்திருந்ததை முன்கூட்டியே தெரிவிக்காதது ஏன்? மூன்று நாள்களுக்குள் விளக்கம் தேவை.’ யூபிஎஸ் சப்ளை செய்தவர்களும் கையை விரித்துவிட்டார்கள். ‘ரெண்டு வருஷ வாரன்ட்டி முடிஞ்சிருச்சு. வாரன்ட்டி இருந்தப்போ எங்களுக்கு ஒரு கம்ப்ளைன்ட்டும் வரலையே!’

இருபது வருட சர்வீஸ் உள்ள சிஸ்டர் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார். “நான் கம்ப்ளைன்ட் போட்டேன்மா. போட்டோ எடுத்துக்கூட அனுப்புனேன். எப்போன்னுதான் ஞாபகம் இல்லை. என் போன்ல அந்தப் படம் இல்லை, போனை மாத்திட்டேன்.”

தேடினார். ‘யூபிஎஸ்’ என்று போட்டால் 600 டிக்கெட்டுகள் வந்தன. ஆனால், அந்த வாரம் அவர் வகை பிரித்து வைத்திருந்தாரே! ‘கருவி’ என்ற வகையில், டயாலிசிஸ் பிரிவு என்று வடிகட்டியதும் மூன்று டிக்கெட்டுகள் மட்டும் வந்தன. மூன்றையும் சிஸ்டர்தான் அனுப்பியிருந்தார். அதில் முதலாவது 26 மாதங்களுக்கு முந்தையது. அப்போது வாரன்ட்டி உயிரோடு இருந்தது. கூடவே ஒரு போட்டோ. யூபிஎஸ் முகப்பில் சிவப்பு விளக்கு எரிய, ‘பேட்டரியை மாற்றவும்’ என்று அதன் சின்னத் திரையே சொல்லிக்கொண்டிருந்தது.

26 மாதங்கள். ‘ரெண்டு வருஷத்துக்கு முந்தினதெல்லாம் தூக்கிடு’ என்ற உத்தரவு திங்கட்கிழமையே நிறைவேறியிருந்தால், இந்த டிக்கெட் போயிருக்கும். இடம் பிடிக்கிறது என்று போட்டோக்களை மட்டும் அழித்திருந்தால்கூட, ‘யூபிஎஸ் சத்தம் போடுது’ என்ற நாலு வார்த்தைதான் மிஞ்சியிருக்கும்.

டிக்கெட்டின் கடைசி வரியைப் படித்தபோதுதான் அவருக்கு வியர்த்தது. ‘பார்க்கப்பட்டது. இப்போது சரியாக உள்ளது. குளோஸ்.’ மூடியது ஐ.டி பிரிவு. எல்லோரும் பயன்படுத்தும் பொது லாகினில் மூடியிருந்ததால், யார் என்று தெரியவில்லை. சப்ளை செய்தவர்களுக்குத் தகவல் போனதாக எந்தக் குறிப்பும் இல்லை. மற்ற இரண்டு டிக்கெட்டுகளும் ‘ஏற்கெனவே தீர்க்கப்பட்ட புகார்’ என்று மூடப்பட்டிருந்தன.

அதாவது, இந்த டிக்கெட் சிஸ்டரைக் காப்பாற்றும். ஐ.டி பிரிவை மாட்டிவிடும்.

அச்செடுத்து மேலாளர் மேஜையில் வைத்தார். மேலாளர் இரண்டு முறை படித்தார். “இது வெளியே போனா நம்ம டிபார்ட்மென்ட் மேலதான்மா வரும்” என்றார் மெதுவாக.

“ஆமா சார். ஆனா, சிஸ்டர் மேல வராது.”

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேலாளர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நிர்வாகத்துக்கு அனுப்பிய கடிதத்தில், புகார்கள் தன் பிரிவில் முறையாகக் கையாளப்படவில்லை என்று அவரே ஒரு வரி சேர்த்திருந்தார். மெமோ திரும்பப் பெறப்பட்டது. சப்ளை செய்தவர்களும் போட்டோவைப் பார்த்த பிறகு பேச்சின் தொனியை மாற்றிக்கொண்டார்கள். ‘நாலு வாரன்ட்டி கார்டைவிட இந்த ஒரு படம் பெருசு’ என்று மருத்துவமனை கேன்டீனில் இரண்டு நாள்கள் பேச்சாக இருந்தது.

இப்போது எப்படி இருக்கிறது?

அந்த ஹெல்ப் டெஸ்கில் இன்று ஒரு டிக்கெட்டை மூட வேண்டுமென்றால், ‘முடிவு’ என்ற கட்டத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, கருவி இருக்கும்வரை, நிரந்தரம். எதையும் தேர்ந்தெடுக்காமல் மூட முடியாது. பொது லாகின் ஒழிந்தது. மூடுவது யார் என்று பெயர் பதிவாகும். ‘பிரச்னை சரியாகிவிட்டதா?’ என்று புகார் கொடுத்தவர் ‘ஆமாம்’ சொன்ன பிறகே டிக்கெட் முடிகிறது.

போட்டோக்கள் டேட்டாபேஸுக்குள் இல்லை. தனி டிஸ்கில் கோப்புகளாக இருக்கின்றன. ஓ.டி.ஆர்.எஸ், ஓ.எஸ்.டிக்கெட் போன்ற பல மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. ஒரே படம் இரண்டு முறை வந்தால் ஒரு காப்பிதான் நிற்கும். மெயில் லோகோக்கள் வாசலிலேயே கழற்றப்படுகின்றன. காலம் முடிந்தவற்றை நீக்கி, ‘ஆப்டிமைஸ்’ முடித்த பிறகு 150 ஜி.பி டேட்டாபேஸ் 20 ஜி.பி-க்குள் அடங்கிவிட்டது. இரவு தொடங்கும் பேக்கப் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. டிஸ்க் 80 சதவிகிதத்தைத் தொட்டாலே அவர் போனுக்குத் தகவல் வந்துவிடும். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டைத் திறந்து பார்க்கிறார். திறக்க முடியாத பேக்கப்பும் கரையானுக்குத் தீனிதானே!

ஒவ்வொரு ஜனவரியிலும் காலம் முடிந்த டிக்கெட்டுகளுக்குப் பட்டியல் தயாராகும். மேலாளர் கையெழுத்துப் போட்ட பிறகே அழிப்பார்கள்.

நம் வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு. எங்கே புகார் கொடுத்தாலும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். எழுத்தில் கொடுங்கள். மூன்று மங்கலான படங்களுக்குப் பதில், தெளிவாக ஒரு படம் அனுப்புங்கள். அதில் உங்கள் ஆதாரோ, மருத்துவ ரிப்போர்ட்டோ எட்டிப்பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பில், வாரன்ட்டி கார்டு, பட்டா போன்றவற்றைப் போனில் தனி ஃபோல்டரில் போட்டு, இன்னொரு காப்பியைப் போனுக்கு வெளியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஸ்டோரேஜ் அண்டு டேட்டா’ பகுதிக்குப் போய் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்பதைத் தொட்டால், எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். ரோஜாக்களை அங்கிருந்து அனுப்பி வைக்கலாம், தாத்தாவின் படத்தைத் தொடாமலே.

சமீபத்தில் அந்த ஹெல்ப் டெஸ்கில் புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். டிக்கெட்டை மூடும்போது அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது எந்த சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்த ஐடியா?” என்று கேட்டான்.

“தாலுகா ஆபீஸ்ல இருந்து” என்றார் அவர்.